முதலில் தட்டிய கை

தட்டி முடித்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது, தட்டியது தன்னுடைய கை என்று. உள்ளங்கை மேசைமேல் குப்புறக் கிடந்தது. லேசாகக் காந்தியது. அந்தக் காந்தல் அடங்குவதற்குள் கூட்ட எழுத்தர் பொருள் எண் பதினெட்டுக்குப் போய்விட்டார், குப்பை வண்டிகளுக்கு டயர் மாற்றுவது. பதினேழு முடிந்துவிட்டது. அந்தப் பதினேழுக்காகத்தான் அவர் காலையில் சாமி கும்பிட்டு, இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 'தலைவர் அவர்களே, பதினேழாவது பொருளை நான் ஆட்சேபிக்கிறேன்.' ஒரே வரி. அதை மட்டும் சொல்லிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தார், மைக்கைப் பிடித்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான் வரும். எழுத்தர் படித்தது காதில் விழாமலா இருந்தது? விழத்தான் விழுந்தது. 'வார்டு எண் பதினொன்று, தண்ணிப்பந்தல் வீதியில் பழுதடைந்த நிலையிலுள்ள பெண்கள் பொதுக் கழிப்பிடத்தை இடித்து அகற்றிவிட்டு, அவ்விடத்தில் வாரச்சந்தை வாகன நிறுத்துமிடம் அமைக்க மன்றத்தின் அனுமதி கோரப்படுகிறது.' அந்தக் கோரப்படுகிறது வந்ததுதான் தாமதம், கை எழும்பி மேசையில் விழுந்துவிட்டது. அவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவார்கள், தட்டினார்கள், தலைவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "அடுத்தது" என்றார். பதினொன்றாவது வார்டுக் கழிப்பிடத்தை இடிக்கச் சொல்லி முதலில் தட்டியது பதினொன்றாவது வார்டு கவுன்சிலர். வேறு எவனாவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் நாச்சிமுத்துவே ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

பக்கத்து நாற்காலி உமாராணி, எட்டாவது வார்டு, அதுவரை போனில் யாருக்கோ சேலைப் படம் அனுப்பிக்கொண்டிருந்தவள், மெதுவாக இவர் பக்கம் சாய்ந்தாள். "ஏனுங்ண்ணா, இப்பப் படிச்சது உங்க வார்டு இல்லீங்களா?" என்றாள். அவள் ஒன்றும் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். நாச்சிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. அப்போதாவது ஆமாம் அம்மணி, தப்பாகத் தட்டிவிட்டேன், கொஞ்சம் தலைவரிடம் சொல்லு என்று சொல்லியிருக்கலாம். பெண்பிள்ளை, எழுந்து சொன்னாலும் சொல்லியிருப்பாள். இவர் என்ன சொன்னார்? "ஆமா அம்மணி. அது பழசு, இடிஞ்சு கெடக்குது, ஆரும் போறதில்ல" என்றார். சொன்னது வாயா, வயிறா, எது என்றே தெரியவில்லை, அவ்வளவு சரளமாக வந்தது. ஆரும் போறதில்ல. போகவிடாமல் பூட்டி வைத்திருப்பது யார்? தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் எரிந்துபோய், அதை மாற்றித் தருகிறோம் என்று இந்த ஆபீசிலிருந்துதான் ஆள் வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. உமாராணி "அப்படீங்களா" என்று மறுபடி சேலைக்குப் போய்விட்டாள். அவள் நம்பிவிட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை, நம்பாமல் ஒரு பார்வை பார்த்திருந்தாலாவது தேவலை.

இந்தத் தட்டுகிற வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவருடைய கையை மன்னிக்க முடியுமா முடியாதா என்று பார்க்கலாம். அந்த நகராட்சியில் கை தூக்குவது, எண்ணுவது எல்லாம் கிடையாது. எழுத்தர் ஒவ்வொரு பொருளாக மூச்சுவிடாமல் படிப்பார், யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் யாராவது ஒருத்தர் மேசையைத் தட்டுவார், எல்லோரும் தட்டுவார்கள், ஏகமனதாக நிறைவேறிவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். முதல் கூட்டத்தில் எல்லோரும் புதுசு, கூச்சப்பட்டுக்கொண்டு விரலால் தட்டினார்கள். தலைவர் சென்னியப்பன் சிரித்தார். சின்ன வயசுக்காரர், பஞ்சு மில் வைத்திருக்கிற வீடு, யாரையும் அண்ணா போட்டுத்தான் கூப்பிடுவார். "என்னுங்ண்ணா, ஊருக்கே ரேடியோ செட்டுக் கட்டறீங்க, நீங்களே இப்பிடிச் சத்தமில்லாமத் தட்டுனா எப்பிடி?" என்றார் இவரைப் பார்த்து. எல்லோரும் சிரிக்க, நாச்சிமுத்து கையை ஓங்கி ஒன்று போட்டார் பாருங்கள், தண்ணி பாட்டில்கள் ஆடின. அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் அவர் தட்டினால்தான் தட்டு. அவரும் அதை ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டார், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதில் ஒரு பெருமை கூட இருந்தது. எழுத்தர் 'கோரப்படுகிறது'வில் து சொல்லி வாயை மூடும்போது கை மேசையில் இருக்க வேண்டும், முந்தக் கூடாது, பிந்தக் கூடாது, பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி. இப்படித் தட்டித் தட்டியே மூன்று வருஷம் போய்விட்டது. தட்டினாரே தவிர ஒரு நாள் ஒரு பொழுது அந்த மன்றத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. குரலுக்காகவே ஓட்டு வாங்கினவர்! மாரியம்மன் பண்டிகையில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுகிற தாய்க்கு இவர் குரல்தான் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுக்கும், 'பச்சைச் சட்டை, டவுசர் இல்லை, பேர் கேட்டால் பாப்பா என்று சொல்கிறான்' என்று இவர் சொன்னால் கூட்டமே சிரித்துக்கொண்டு தேடும். ஆட்டோவில் மைக் கட்டி அவருக்கு அவரே ஓட்டுக் கேட்டார். தாய்மார்களே, தாய்மார்களே, தண்ணிப்பந்தல் வீதித் தாய்மார்களே, உங்கள் மானம் என் மானம். ஐயோ, அதையும் சொன்னோமே. உங்கள் மானம் என் மானம் என்று அந்தக் கழிப்பிடத்துக்கு நேர் எதிரில் வண்டியை நிறுத்திச் சொன்னது ஞாபகம் வந்து, யாரோ பின்னால் நின்று அதையே திரும்பச் சொல்வது போல் கழுத்து கூசியது.

இடது பக்கம் திரும்பக் கூடாது. இடது பக்கத்தில்தான் ஜன்னல்கள். ஏ.சி. மாட்டியதிலிருந்து ஜன்னல்களைச் சாத்தியே வைக்கிறார்கள், வராந்தாவில் நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பது கண்ணாடி வழியாகத் தெரியும், ஒரு சத்தமும் கேட்காது. மூன்றாவது ஜன்னலில் தண்ணிப்பந்தல் வீதிச் சம்பூரணம் நிற்கிறாள். அவளோடு அதே தெருப் பெண்கள் இன்னும் மூன்று பேர். கூட்டம் ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு முறை பார்த்தார், அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள், இவர் தலையை ஆட்டினார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஆட்டினார், இப்போது அந்தத் தலையாட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பது? முந்தாநாள் பொழுதோட வீட்டுக்கு வந்திருந்தாள். காபி வேண்டாம் என்றாள், தண்ணியும் வேண்டாம் என்றாள். "தண்ணி குடிச்சா அப்பறம் போகோணுமுங்கண்ணா. மத்தியானத்துக்கு மேல நாங்க ஆரும் தண்ணி வாயில வெக்கறதில்லீங்க" என்று ஊரில் மழை இல்லை என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "வெடியால இருட்டோட ஓடைப் பக்கம் போறோமுங்க. எங்குளுக்கெல்லாம் பழகிருச்சு. மருமவளுக்குத்தான் முடியலீங்க. மாசமா இருக்கறா. டாக்டரம்மா தண்ணி நெறையக் குடின்னு சொல்லுது, இவ குடிக்கப் பயந்துக்கறா. போன வாரம் கரையில வழுக்கி உக்காந்துட்டா. நல்ல காலம் வயித்துல அடி இல்ல. அத இடிச்சே போட்டாங்கன்னா நாங்க எங்கீங்க போறது? நீங்க ஒரு வார்த்த எந்திரிச்சுச் சொல்லுங்ண்ணா. நீங்க சொன்னா கேப்பாங்க." நீங்க சொன்னா கேப்பாங்க. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அந்தப் பொருள் வரட்டும், ஒரு கை பாக்கறேன்" என்றார். பார்த்தாயிற்று, அந்த ஒரு கையை.

பொருள் எண் இருபத்தொன்று, கோரப்படுகிறது. கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். யாரும் தட்டவில்லை, எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். தலைவரும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. அடப்பாவி, டயருக்கும் தெருவிளக்குக்கும் நீ தட்டாமல் இருந்து என்ன பிரயோசனம், அதற்கு நிறுத்தின கையை அப்போது நிறுத்தியிருந்தால்? அப்போது எங்கே போயிருந்தாய்? அதை நினைக்கத்தான் அவருக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது. ஏனென்றால் அப்போது அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு எதையும் இல்லை, மூத்திரத்தை. சர்க்கரை உடம்பு. வந்து உட்கார்ந்ததும் ஒரு டீ, போண்டா தொண்டையில் சிக்கியது என்று அரை பாட்டில் தண்ணி, பேசப் போகிறோமே தொண்டை காயக் கூடாதே என்று மீதி அரை பாட்டில். பதினைந்தாம் பொருளிலேயே அடிவயிறு கனத்துவிட்டது. இப்போது போய்விட்டு வந்தால் பதினேழு போய்விடும், பதினேழு முடியட்டும் போகலாம், இன்னும் இரண்டுதான், இன்னும் ஒன்றுதான் என்று காலை இறுக்கிக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், பதினேழு வந்தபோது அந்தக் கனத்துக்குள்ளேயே முழுசாக இறங்கிக் கிடந்தார், கை காவலில்லாமல் மேலே இருந்தது. இப்போதும் கனக்கிறது, முன்னைக்கு இப்போது அதிகம். இருக்கட்டும். அனுபவி. ஒரு மணி நேரம் உனக்கு அடக்க முடியவில்லை, மத்தியானத்திலிருந்து விடியும்வரை அடக்குகிறார்களே, அது என்ன உடம்பு, அது மட்டும் இரும்பா?

அவர் மனைவி வசந்தாமணியும் அடக்கியவள்தான். கல்யாணம் ஆன புதிதில் அவர்களும் தண்ணிப்பந்தல் வீதியில்தான் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். அப்போது அந்தக் கழிப்பிடம் புதுசு, மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, வாசலில் விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள், தெருப் பெண்கள் ஏதோ கோயிலுக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டு போவார்கள். இருட்டினால் வசந்தாமணி இவரையும் கூட்டிக்கொண்டு போவாள். இவர் விளக்குக் கம்பத்தடியில் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், சும்மா நிற்கக் கூடாது, சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எவனும் அந்தப் பக்கம் வராமல் இருக்க. இவர் மைக் டெஸ்டிங் சொல்லுவார். ஹலோ, ஹலோ, ஒன்று இரண்டு மூன்று, விழாக் குழுவினர் கவனத்துக்கு. உள்ளே இருந்து மற்றப் பெண்களும் சிரிப்பது கேட்கும். "உம்பட ஊட்டுக்காரரு நின்னா எங்களுக்கும் பயமில்ல வசந்தா" என்பார்களாம். அப்புறம் தொழில் பிடித்தது, புது எக்ஸ்டென்ஷனில் வீடு கட்டினார்கள். குடி போன அன்றைக்கு வசந்தாமணி நீல டைல்ஸ் போட்ட பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று இவர் கதவைத் தட்டினார். "சும்மா உக்காந்திருக்கறனுங்க. ஆருமே வரமாட்டாங்கல்ல" என்றாள் உள்ளே இருந்து. அதை நண்பர்களிடம் தமாஷாகச் சொல்லியிருக்கிறார். அதில் என்ன தமாஷ் இருந்தது? இன்று காலையில் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தவள், "இன்னைக்காச்சும் வாயத் தொறங்க" என்று மட்டும் சொன்னாள். திறந்தீர்களா என்று கேட்பாள். கேட்காமல் சோற்றைப் போட்டாலும் போடுவாள், அது அதைவிட மோசம்.

பொருள் எண் இருபத்தாறு. இன்னும் போய்விடவில்லை, யோசி. கடைசியில் தலைவர் கேட்பார், வேறு யாராவது பேசுகிறீர்களா என்று. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிற கேள்வி, யாரும் பதில் சொல்லாத கேள்வி, அதற்கப்புறம் நாட்டுப்பண். அந்த இடைவெளியில் எழுந்துகொள்ளலாம். எழுந்து, தலைவர் அவர்களே, பதினேழில் நான் கவனிக்காமல் தட்டிவிட்டேன், அது என்னுடைய வார்டு, அதை மறுபடி எடுக்க வேண்டும். கவனிக்காமல் என்று சொல்லலாமா? மூன்று வருஷமாகக் கவனிக்காமல்தான் தட்டினீர்களா என்று ஆணையாளர் கேட்டால்? உடல்நிலை சரியில்லாததால் என்று சொல்லலாம். வேண்டாம். மறுபரிசீலனை, அதுதான் சரியான வார்த்தை, மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். எதற்கு இந்தப் பயம்? சென்னியப்பன் கடித்துத் தின்றுவிடப் போகிறாரா? மாட்டார். சிரிப்பார். சிரித்துக்கொண்டே, சரிங்ண்ணா என்பார். அடுத்த சுதந்திர தினத்துக்கு வேறு செட் வந்து நிற்கும். அதுதான், அதுதான் விஷயம், சுற்றி வளைத்து என்ன. நகராட்சி விழா எல்லாவற்றுக்கும் இவருடைய மைக் செட்தான், கொடியேற்றம், மருத்துவ முகாம், மந்திரி வருகை, எல்லாம். யாரும் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. நீ தட்டு, நான் கூப்பிடுகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே புரிந்துகொண்டார் பாருங்கள், அந்த மட்டும் மூளை வேலை செய்தது. அப்படியானால் பதினேழில் கை தானாகத் தட்டியது என்பதும் நிஜம்தானா? மூத்திரம், பழக்கம், காவலில்லாத கை எல்லாம் சரி. படித்தபோது ஒரு இமைப்பொழுது காதில் விழுந்ததே, பதினொன்று என்று விழுந்ததே, விழுந்த பிறகும் அனுமதி கோரப்படுகிறது வரைக்கும் நேரம் இருந்ததே. அந்த நேரத்தில் உனக்குள்ளே யாரோ ஒருவன், தட்டித் தொலை, தெரியாமல் தட்டிவிட்டேன் என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லவில்லையா? சொன்னானா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. எத்தனை தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாலும் அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

"சரி, வேற ஆராச்சும் பேசறீங்களா?" என்றார் தலைவர், கோப்பை மூடிக்கொண்டே. டபேதார் நாட்டுப்பண் போடுவதற்குப் பொத்தான் பக்கம் போய்விட்டார். உமாராணி கைப்பைக்குள் போனைப் போட்டாள். நாச்சிமுத்து எழுந்தார். எழுந்தார் என்று நம்புவதற்கு அவருக்கே கொஞ்சம் நேரம் ஆயிற்று. நாற்காலி பின்னால் நகர்ந்து தரையில் கிறீச்சிட்டது. மன்றம் மொத்தமும் இவரைத் திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை, தட்டுவதற்கு இல்லாமல் வேறொன்றுக்காகப் பார்த்தது. தலைவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, ஆணையாளர் அவர் காதருகே குனிந்தார். கண்ணின் ஓரத்தில் மூன்றாவது ஜன்னலில் ஏதோ அசைந்தது, ஒரு பச்சைச் சேலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. "சொல்லுங்ண்ணா" என்றார் தலைவர். குரலில் அண்ணா இருந்தது, வேறொன்றும் இருந்தது. தலைவர் அவர்களே, வாய் திறந்தது. பதினேழாவது. அது நாக்குக்கு வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் நின்றது. எழுந்து நின்றதில் அடிவயிறு பிடி தளர்ந்துவிட்டது, இப்போது போய்விடும், இங்கேயே, எல்லோர் முன்னாலும், வெள்ளை வேட்டியில். முழங்காலை ஒட்டினார். "தலைவருங்க..." என்றார். "என்னுங்ண்ணா?" என்றார் தலைவர். "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுக்குப் போகோணும். போயிட்டு வந்தர்றனுங்க." ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் மன்றமே வெடித்தது. உமாராணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆணையாளர்கூடச் சிரித்தார். தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. "ஏனுங்ண்ணா, அதுக்குமா மன்றத்தோட அனுமதி கோரறீங்க?" என்றார். துணைத்தலைவர், "ஏகமனதா பாஸுங்க!" என்று கத்தி மேசையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அன்றைக்கு அவர் இல்லாமலே முதல் தடவையாக நன்றாகத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவரும் சிரித்துக்கொண்டு நடந்தார். ஆமாம், சிரித்தார், அவர்களோடு சேர்ந்து, பல் தெரிய.

உறுப்பினர்கள் கழிப்பறை சுத்தமாக இருந்தது. வெள்ளை டைல்ஸ், பினாயில் வாசனை, கதவுக்குத் தாழ். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே போகப் போகத் தலைக்குள் எல்லாம் தெளிவாயிற்று, போண்டா வாசனை போயிற்று, இரைச்சல் போயிற்று, அப்போது வந்தது பாருங்கள் பதில். அதுக்குமா அனுமதி கோரறீங்க என்று கேட்டாரே, ஆமாங்க தலைவரே. எனக்கு இல்லை. எங்க தெருவுப் பொம்பளைங்களுக்குக் கோரறேன். நான் எழுந்து கேட்டதும் எனக்கு வழி காட்டினீர்களே, நாங்கள் தட்டிய தட்டில் அவர்களுக்கு இருந்த வழி போய்விட்டது. மாசமாக இருக்கிற பெண் தண்ணி குடிக்கப் பயப்படுகிறாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, நானும்தான் தட்டினேன், நான்தான் முதலில் தட்டினேன். ஐயோ, என்ன அழகாக வருகிறது. ஒரு இடத்தில் தடுக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, பண்டிகை மைக்கில் வருகிற அதே குரல் நெஞ்சுக்குள் நின்று கணீரென்று பேசியது. ஓடு, இப்போதே ஓடிப்போய்ச் சொல், இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு தாழில் கையை வைத்தார். அந்த நேரத்தில் வெளியே நாட்டுப்பண் ஆரம்பித்தது. ஸ்பீக்கர் கொஞ்சம் ஊளையிட்டது, அவர் கட்டிக் கொடுத்த ஸ்பீக்கர்தான். கை தாழை விட்டுவிட்டது. அவர் டைல்ஸைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார், பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார். முடிந்து நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது, யாரோ 'போயிட்டு வந்தர்றனுங்க' என்று அவர் மாதிரியே சொல்லிக்காட்டிச் சிரிப்பது கேட்டது. கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார்.

பின்பக்கமாக வண்டிக் கொட்டகை வழியாகப் போய்விடலாம் என்று பார்த்தால் அங்கே கதவு பூட்டியிருந்தது. திரும்பி வராந்தாவுக்கே வர வேண்டியதாயிற்று. கவுன்சிலர்கள் படியிறங்கிப் போய்விட்டிருந்தார்கள். தூண் பக்கத்தில் சம்பூரணமும் அந்த மூன்று பேரும் மட்டும் நின்றார்கள். இவரைப் பார்த்ததும் சம்பூரணம் முன்னால் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"டபேதாரு சொல்லிப்போட்டாருங்ண்ணா, பாஸாயிருச்சுன்னு" என்றாள்.

"ம்" என்றார்.

"இடிச்சுத்தான் போடுவாங்க?"

"ம்."

சொல்லிவிடு. இப்போதாவது சொல்லிவிடு, நான்தான் தட்டினேன் சம்பூரணம். கழிப்பறையில் வந்ததே குரல், அது எங்கேயும் போய்விடவில்லை, இங்கே இருக்கிறது, தொண்டை ஈரமாகத்தான் இருக்கிறது. அவர் தலையை நிமிர்த்தினார். அவள் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நாங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னோமுங்ண்ணா. பேசறது கேக்கல. ஆனாக்க அத்தன பேரும் உக்காந்திருக்க நீங்க ஒருத்தரு எந்திரிச்சு நின்னீங்க பாருங்க. எனக்கு ஒடம்பே நடுங்கிருச்சு. நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள எல்லாரும் சேந்து சிரிச்சாங்க, மேசையத் தட்டிக் கேலி பண்ணுனாங்க. நீங்க தாங்காம வெளிய போனதையும் பாத்தோம்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற மூன்று பேரும் இவரைப் பார்க்கக் கூசி வேறு பக்கம் பார்த்தார்கள். "எங்க பீ மூத்திரத்தப் பேசப் போயி நாலு பேரு முன்னால உங்களுக்கு அவமானமாப் போச்சு. எங்களாலதான். மனசுல வெச்சுக்காதீங்ண்ணா, எங்கள மன்னிச்சுப்போடுங்க."

அவள் கும்பிட்டாள். மற்ற மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

நாச்சிமுத்து, "பரவால்ல விடும்மா" என்றார்.